ஐ.டி. உத்தியோகமும் நம் வாலிபர்களின் எழுத்து வன்மையும்

எஞ்சினீயரிங் கலாசாலைகளுக்கு ஐ.டி. கம்பெனிகள் ஆள் எடுக்க வரும் பருவம் வருஷந்தோறும் வந்து போகிறது. அதில் இடம் கிடைக்காமல் நிற்கும் வாலிபனுக்குச் சொல்லப்படும் சமாதானமும் வருஷந்தோறும் ஒன்றேயாக இருக்கிறது. "உனக்குக் கணக்கு வருகிறது, புரோகிராம் எழுதவும் வருகிறது, கம்யூனிகேஷன்தான் போதவில்லை" என்கிறார்கள். அவனும் அதை வேதவாக்காகக் கொண்டு, தகப்பனார் கடன் வாங்கிக் கொடுத்த பணத்தில் மிச்சம் மீதியை எடுத்துக்கொண்டு, பஸ் நிலையத்துக்கு எதிர் மாடியில் நடக்கும் ஏதோ ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போகிறான். அங்கே அவனுக்கு என்ன கற்பிக்கிறார்கள்? கை குலுக்கும் விதம், கழுத்தில் டை கட்டும் விதம், "உன் பலம் என்ன, பலவீனம் என்ன" என்ற கேள்விக்கு நெட்டுருப் போட்ட விடை, நாக்கைச் சுழற்றி அமெரிக்கர் போல் உச்சரிக்கும் வித்தை, இவ்வளவே. மூன்று மாதம் கழித்து வெளியே வரும்போது அவனுடைய உச்சரிப்பு மாறியிருக்கலாம். ஆனால் தான் செய்த ஒரு வேலையை, அதைச் சற்றும் அறியாத மற்றொருவன் படித்து விளங்கிக்கொள்ளும்படி ஒரு பக்கம் எழுதச் சொன்னால், முன்பு நின்ற இடத்திலேயேதான் நிற்கிறான்.

இந்த மயக்கத்தைத் தெளிவிப்பது அவசியமென்று நாம் கருதுகிறோம். தொழில்நுட்ப விஷயத்தைப் பிறருக்கு எடுத்துரைக்கும் திறன் வேறு. இங்கிலீஷைச் சரளமாகப் பேசும் திறன் வேறு. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் குழம்பியதனால் நம் வாலிபரும் யுவதிகளும் இரண்டிலும் நஷ்டமடைகிறார்கள். இங்கிலீஷ் பேசத் தெரிந்தவன் தனக்கு எல்லாம் வந்துவிட்டதென்று இறுமாந்திருக்கிறான். அது வராதவனோ, தன் புத்தியிலேயே ஏதோ ஊனம் இருப்பதாக எண்ணிக் குன்றிப்போகிறான். விஷயம் சம்பளத்தோடு நிற்பதாயிருந்தால் இத்தனை விஸ்தாரமாக எழுத வேண்டியதில்லை. ஐ.டி. தொழிலில் எவன் விஷயத்தை எழுத்தில் வடிக்கிறானோ அவன் தீர்மானிக்கிறான். மற்றவர்கள் அவன் தீர்மானித்தபடி உழைக்கிறார்கள். நம்மவர் இந்த இரு வகுப்பில் எதில் நிற்கப் போகிறார்கள் என்பதே கேள்வி.

எழுத்தின் குறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பழைய சங்கதியைச் சொல்லுவோம். 1985-ம் வருஷம் முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்னும் சிகிச்சை யந்திரம் ஆறு நோயாளிகளை வாட்டிவிட்டது. கதிர்வீச்சினால் புற்றுநோயைத் தீர்ப்பதற்கென்று ஏற்பட்ட யந்திரம் அது. அதை நடத்தியது கம்ப்யூட்டர். புரோகிராமில் ஒளிந்திருந்த பிழையினால் அளவுக்குப் பன்மடங்கு மிஞ்சிய கதிர் பாய்ந்தது, சிலர் மாண்டனர். ஐ.டி. மாணாக்கர் பலர் இந்தக் கதையைக் கேட்டிருக்கக்கூடும். ஆனால் வகுப்பில் இதைச் சொல்லும்போது புரோகிராமின் பிழையைத்தான் விஸ்தரிக்கிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. 1986 மார்ச்சு மாதத்தில் டெக்ஸாஸ் ராஜ்யத்தின் டைலர் நகர ஆஸ்பத்திரியில் யந்திரம் திடீரென்று நின்றபோது, திரையில் தோன்றிய செய்தி "கோளாறு 54" என்பதே. 54 என்றால் என்ன? யந்திரத்தோடு வந்த கைப்புஸ்தகத்தில் அதற்கு விளக்கம் இல்லை. செலுத்திய அளவு மிகையாகவோ குறைவாகவோ போய்விட்டது என்பது அதன் தாத்பரியம். அது யந்திரத்தைச் செய்தவர்களுக்கே வெளிச்சம். நாள்தோறும் இப்படிப் பொருள் விளங்காத எண்களைக் காட்டி நின்று நின்று பழக்கப்பட்ட யந்திரமாதலால், அதை நடத்தியவர் வழக்கம்போல் "மேலே செல்க" என்னும் விசையை அழுத்தினார். நோயாளியின் உடம்பில் இரண்டாம் முறையும் கதிர் பாய்ந்தது. "அளவு மிஞ்சியிருக்கலாம், நோயாளியைப் பார்" என்று நாலைந்து வார்த்தைகள் அந்தத் திரையில் இருந்திருந்தால் அந்த விரல் சற்றேனும் தயங்கியிருக்குமல்லவா? அந்த எண்ணைத் திரையில் போட்ட புரோகிராமர் கெட்ட எண்ணத்தோடு போடவில்லை. தனக்கு விளங்குவது எல்லோருக்கும் விளங்கும் என்று எண்ணினார் போலும்.

இன்னொன்று நம் தேசத்துக்கே துக்கம் விளைத்தது. கர்நாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரைச் சுமந்து 2003 ஜனவரி 16-ந் தேதி கிளம்பிய கொலம்பியா விண்கலத்தின் இடது இறக்கையில், புறப்பட்ட 82-வது ஸெக்கண்டில் ஒரு நுரைத் துண்டு மோதிற்று. கலம் வானில் இருக்கும்போதே எஞ்சினீயர்கள் அந்த மோதலின் விளைவை ஆராய்ந்து, தங்கள் முடிவை ஸ்லைடுகளாக மேலதிகாரிகளுக்குக் காட்டினர். ஒரு ஸ்லைடின் தலைப்பு தைரியம் அளிப்பதாக இருந்தது. அபாயம் அடியில், எல்லாவற்றுக்கும் சிறிய எழுத்தில் கிடந்தது. முன்பு சோதனையில் எறிந்து பார்த்த துண்டு 3 கன அங்குலம். இறக்கையில் மோதியதோ ஏறக்குறைய 1,920 கன அங்குலம் என்று அங்கே குறித்திருந்தது. அதாவது, கையில் இருந்த சோதனைகளைக் கொண்டு எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதே உண்மைப் பொருள். அந்த வரியைத் தலைப்பில் போட்டிருக்க வேண்டும். பிப்ரவரி 1-ந் தேதி திரும்பி வரும் வழியில் கலம் சிதறிற்று. அவ்வருஷம் ஆகஸ்டில் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை மற்றப் பல காரணங்களோடு இந்த ஸ்லைடையும் எடுத்துக் காட்டி, சாஸ்திரீயமான கட்டுரைகள் எழுதுவதை விட்டு ஸ்லைடுகளில் காலந்தள்ளும் பழக்கத்தைக் கண்டித்தது. அந்த எஞ்சினீயர்கள் இங்கிலீஷையே தாய்பாஷையாகக் கொண்ட தேசத்தில் வேலை செய்தவர்கள் என்பதை நேயர்கள் மறந்துவிடலாகாது. மறு வருஷம், 2004-ல், அமேசான் கம்பெனியின் தலைவர் ஜெப் பெஸோஸ் தம் மேல்மட்டக் கூட்டங்களில் ஸ்லைடு காட்டுவதைத் தடுத்து, வாக்கியம் வாக்கியமாக எழுதிய குறிப்பையே கொண்டுவர வேண்டுமென்று விதித்தார். ஆறு பக்கத்துக்கு மேற்படாத அக்குறிப்பைக் கூட்டத்தின் ஆரம்பத்தில் எல்லோரும் மௌனமாக உட்கார்ந்து படித்த பிறகே பேச்சு என்பது அங்கு வழக்கமாயிற்று. அங்கே நுனிநாக்கு இங்கிலீஷினால் மட்டும் ஒரு குறிப்பைக் கரையேற்றிவிட முடியாது.

இது நிற்க. எழுதுகிறவனுக்கு அதிகாரம் சேருகிறது என்று சொன்னோமே, அதற்கு வருவோம். இன்டர்நெட்டின் விதிகளை எந்தச் சக்கரவர்த்தியும் சாஸனம் வெட்டிப் பிறப்பிக்கவில்லை. 1969 ஏப்ரலில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியா சர்வகலாசாலையில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஸ்டீவ் கிராக்கர் என்னும் வாலிபர் ஒரு குறிப்பு எழுதினார். தங்கியிருந்த சிநேகிதர் வீட்டில் மற்றவர் தூக்கம் கெடக் கூடாதென்று குளியலறையில் உட்கார்ந்து இரவில் எழுதினாராம். தம்மைப் போன்ற சிறுபிள்ளைகள் உத்தரவு போடுவதாகப் பெரியவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்று, "அபிப்பிராயம் கோரும் குறிப்பு" எனப் பணிவாகப் பெயரும் வைத்தார். ஆர்.எப்.ஸி. என்று உலகம் வழங்கும் வரிசையின் முதல் இலக்கம் அதுதான். இன்று அவ்வரிசை ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. நம் வீட்டுக் கைப்பேசி மற்றொரு கண்டத்துக் கம்ப்யூட்டரோடு பேசுவது அந்தக் குறிப்புகளில் எழுதியுள்ள முறைப்படிதான். 1997-ல் ஸ்காட் பிராட்னர் எழுதிய 2119-ம் இலக்கக் குறிப்பு ஒரு வேடிக்கையான காரியம் செய்தது. "செய்தே தீரவேண்டும்" என்றால் என்ன பொருள், "செய்வது நலம்" என்றால் என்ன பொருள், "செய்யலாம்" என்றால் என்ன பொருள் என்று வரையறுத்தது, அவ்வளவுதான்! சில பக்கங்களே கொண்ட அச்சிறு குறிப்பை அதற்குப் பிற்பட்ட எத்தனையோ குறிப்புகள் ஆதாரமாகக் கொள்ளுகின்றன. உலகத்தின் யந்திரங்களெல்லாம் கட்டுப்பட்டு நடக்கும் சட்டத்தின் வினைச்சொற்களுக்கு ஒருவர் பொருள் விதித்தார்; அதற்கு அவருக்குச் சேனையும் தேவைப்படவில்லை, சிம்மாசனமும் தேவைப்படவில்லை.

இனி நம் நிலைமையைப் பார்ப்போம். சென்னையில் டைடல் பார்க் திறக்கப்பட்டது 2000-ம் வருஷம். கால் நூற்றாண்டு சென்றுவிட்டது. பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடி மாளிகைகள் வரிசையாக எழுந்துவிட்டன. ஆயினும், இன்ன யந்திரம் இன்னபடி நடக்க வேண்டும் என்னும் திட்ட வரைவை எங்கோ ஒருவன் எழுதி அனுப்ப, அதை இங்கே புரோகிராமாக மாற்றிக் கொடுக்கும் வேலைதான் அந்த மாளிகைகளில் நெடுங்காலம் நடந்தது; இன்றும் பெரும்பகுதி அப்படித்தான் நடக்கிறது. தாமே திட்டமிட்டுத் தம் பெயரிலேயே உலகத்துக்கு விற்கும் கம்பெனிகள் நம்மிடையே தோன்றியிருப்பதை நாம் மறைக்கவில்லை, மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் பொதுவில் நிலைமை பருத்தியை அனுப்பித் துணியை வாங்கிய காலத்து நிலைமையை ஞாபகப்படுத்துகிறது. உழைப்பு இங்கே, தீர்மானம் அங்கே. இதை மாற்றுவதற்கு அன்னிய பகிஷ்காரம் ஒன்றும் தேவையில்லை. வரைவு எழுதக்கூடியவர்கள் நம்மில் ஆயிரக்கணக்காகத் தோன்ற வேண்டும்.

அது மேலே போகப் போகத் தேவைப்படும் விஷயம், புதிதாகச் சேருகிறவனுக்கு எதற்கு என்று கேட்கலாம். உத்தியோகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தேவைப்படுகிறது. நமக்கு மாலை ஏழு மணி ஆகும்போது நியூயார்க்கில் காலை வேலை ஆரம்பமாகிறது. கலிபோர்னியாவிலோ அப்போதுதான் விடிகிறது. நம் வாலிபன் ஒரு சந்தேகத்தை எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகிறான். கேள்வி பூரணமாக இருந்தால் அவன் தூங்கி எழுவதற்குள் விடை வந்திருக்கும். அரைகுறையாக இருந்தால், "எந்தப் பக்கத்தைச் சொல்லுகிறாய்?" என்ற எதிர்க்கேள்விதான் காலையில் காத்திருக்கும். ஒரு நாள் போயிற்று. இப்படி நாலு நாள் போனால், "இவனுக்கு விஷயம் தெரியவில்லை" என்று கடலுக்கு அப்பால் இருப்பவன் முடிவு கட்டிவிடுகிறான். வேலையில் கெட்டிக்காரனான எத்தனையோ பேர் இந்த நாலு நாளில்தான் மதிப்பிழக்கிறார்கள்.

ஓர் உதாரணம் காட்டுவோம். ஒரு கடையின் புரோகிராமில் பிழை தோன்றிவிட்டது. ஒருவன் எழுதுகிறான்: "சார், பணம் கட்டும் பக்கம் வேலை செய்யவில்லை. மிகவும் அவசரம். தயவுசெய்து உடனே கவனிக்கவும்." பணிவு இருக்கிறது, அவசரம் இருக்கிறது; செய்தி மட்டும் இல்லை. மற்றொருவன் எழுதுகிறான்: "இன்று காலை 11.20-க்குப் புதிய பதிப்பை ஏற்றிய பிறகு, ஐபோனில் பணம் கட்டுவோருக்குத் தொகை பிடிக்கப்படுகிறது, ரசீது வருவதில்லை. ஆண்ட்ராய்டு போனில் இந்தத் தொந்தரவு இல்லை. பத்துத் தடவை செய்து பார்த்ததில் ஏழு தடவை நேர்ந்தது. செய்த படிகளைக் கீழே வரிசையாகக் கொடுத்திருக்கிறேன். பழைய பதிப்புக்குத் திருப்பினால் சரியாகிவிடுகிறது. காரணம் இன்னும் தெரியவில்லை. ரசீது அனுப்பும் பகுதியில் இருக்கலாம் என்பது என் ஊகம்." இதில் அலங்காரமான இங்கிலீஷுக்கு இடமே இல்லை. எட்டாம் வகுப்புப் பையன் அறிந்த வார்த்தைகள் போதும். எப்போது, யாருக்கு, எத்தனை தடவை, எது மாறியபின் என்பதைப் பார்த்து எழுதியிருக்கிறான். கண்டதை ஒரு பக்கமும் ஊகித்ததை மறுபக்கமும் பிரித்து வைத்திருக்கிறான். முன் சொன்ன டைலர் நகர ஆஸ்பத்திரியில் யந்திரத்தின் கோளாறு வெளிப்பட்டதும் இந்த வழியால்தான். அங்கிருந்த பௌதிக நிபுணரும் யந்திரத்தை நடத்தியவரும், எந்த எழுத்தை எந்த வரிசையில் எவ்வளவு வேகமாகத் தட்டினால் "கோளாறு 54" தோன்றுகிறது என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்துக் கம்பெனிக்குத் தெரிவித்தனர். முதலில் கம்பெனியின் எஞ்சினீயருக்கு அது நேரவில்லை. வேகமாகத் தட்ட வேண்டும் என்று சொன்ன பிறகே நேர்ந்தது. "வேகமாக" என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லாதிருந்தால் கம்பெனி நம்பியிராது.

நம்மிடம் உள்ள ஒரு குணதோஷத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மேலதிகாரி சொன்னது விளங்காவிட்டாலும் "ஆகட்டும் சார்" என்று தலையசைத்துவிட்டு வருவது நமக்கு மரியாதையாகத் தோன்றுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் முடியாதென்று திங்கட்கிழமையே தெரிந்திருந்தும் வெள்ளிக்கிழமை மாலை வரை வாய் திறவாதிருப்பது பணிவாகத் தோன்றுகிறது. பெரியவர் முன் பேசாதிருக்கப் பழக்கிய வீடும், கேள்வி கேட்டவனை எழுப்பி நிற்கவைத்த பள்ளிக்கூடமும் இதற்குப் பொறுப்பு. "எனக்கு விளங்கவில்லை" என்னும் வாக்கியத்தைத் தலைகுனியாமல் எழுதக் கற்றவனே இந்தத் தொழிலில் பாதி தூரம் வந்தவன். 2017 ஜனவரி கடைசி நாளன்று கிட்லேப் என்னும் கம்பெனியில் ஓர் எஞ்சினீயர் இரவு நேரக் களைப்பில் தவறான கம்ப்யூட்டரில் கட்டளையைத் தட்டி, உயிருள்ள தகவல் தொகுதியையே அழித்துவிட்டார். ஆபத்துக்கென்று வைத்திருந்த பிரதிகளும் சரியாக அமையவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துத் தகவல்கள் போயின. கம்பெனி என்ன செய்தது? நடந்ததை மணிவாரியாக எழுதி உலகம் பார்க்க வெளியிட்டது. அந்த எஞ்சினீயரைத் தூக்கிலேற்றும் தொனி அதில் இல்லை. எந்த ஏற்பாடு ஏன் பலிக்கவில்லை என்பதே விஷயம். அப்படி எழுத ஒரு நெஞ்சுரம் வேண்டும். எஜமானனைக் கண்டு நடுங்குகிறவன் கையிலிருந்து அது பிறவாது.

இதையெல்லாம் மேல்நாட்டாரிடம்தான் கற்க வேண்டுமா? பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலை இலக்கணப் பரீக்ஷைக்காக உருப்போட்டு மறந்தவர்கள் நம்மில் அநேகர். ஒரு நூல் எழுதப் புகுகிறவன் விலக்க வேண்டிய பத்துக் குற்றங்களையும், கொள்ள வேண்டிய பத்து அழகுகளையும் அது வகுத்திருக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனியின் கைப்புஸ்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு அக்குற்றங்களை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தால் சிரிப்பு வரும். வேண்டிய படியொன்றை விட்டுவிட்டு அடுத்த படிக்குத் தாவினால் அது குன்றக் கூறல். மூன்றாம் பக்கத்தில் ஓர் எண்ணும் எட்டாம் பக்கத்தில் வேறோர் எண்ணும் கொடுத்தால் மாறுகொளக் கூறல். "அதை அதில் இட்டு அதை இயக்குக" என்று எழுதினால் மயங்க வைத்தல். கேட்டதை விட்டுக் கம்பெனியின் பெருமையை விரித்தால் மற்றொன்று விரித்தல். இன்னும் ஒன்று. ஒரு நூலின் பாயிரத்தில் சொல்ல வேண்டியவை எட்டு என்று எண்ணும்போது, நுதலிய பொருளோடு நில்லாமல், கேட்போர் யார், பயன் என்ன என்பவற்றையும் சேர்த்திருக்கிறார். கேட்போர் யார் என்று தெரியாமல் எழுதாதே என்பதைத்தான் இன்று நூற்றுக்கணக்கான டாலர் வாங்கிக்கொண்டு பயிற்சி வகுப்புகளில் போதிக்கிறார்கள். பழம்பெருமை பேசி மகிழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் ஆயுதத்தை எடுத்துத் தீட்டிப் பார்க்கச் சொல்லுகிறோம்.

ஆகவே, முதலில் தமிழில் எழுதிப் பழகட்டும் என்பது நமது அபிப்பிராயம். இங்கிலீஷ் வேண்டாமென்று நாம் சொல்லுவதாக எவரும் திரிக்க வேண்டாம். இத்தொழிலில் உலகத்தோடு பேச இங்கிலீஷ் வேண்டும். அதைத் தேர்ச்சியாகக் கற்க வேண்டும். ஆனால் எண்ணத்தை ஒழுங்குபடுத்துவது ஒரு வித்தை, அதை அயல்பாஷையில் சொல்லுவது மற்றொரு வித்தை. இரண்டையும் ஒரே சமயத்தில் தலையில் ஏற்றினால் பிள்ளை இரண்டையும் கீழே போடுகிறான். தன் புரோகிராம் என்ன செய்கிறதென்று தமிழில் தன் தங்கைக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியாதவனுக்கு இங்கிலீஷில் மட்டும் அது எப்படி வரும்? தமிழில் சாஸ்திரம் எழுத வராது என்பாருக்கு விடை பழைய சரித்திரத்திலேயே இருக்கிறது. 1847-ல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் கிறீன் என்னும் அமெரிக்கர், 1860-களில் வைத்திய சாஸ்திரத்தைத் தமிழிலேயே கற்பித்து, பெரிய வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். 1916-ல் சேலத்தில் ராஜாஜி முதலானோர் சாஸ்திரப் பரிபாஷைக்கென்றே சங்கம் கண்டு பத்திரிகை நடத்தினர். 2010-ல் ஸிவில், மெக்கானிகல் பிரிவுகளில் தமிழ் வழி எஞ்சினீயரிங் படிப்பு ஆரம்பமாயிற்று. 2012 முதல் "கணியம்" என்னும் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. அதில் எழுதிப் பழகும் வாலிபன் வேலைக்கும் லாயக்காகிறான் என்பதை நம் கலாசாலை அதிகாரிகள் யோசித்ததுண்டா?

"இனி எழுத்தெல்லாம் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும், இந்த உபதேசம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் இந்தக் கேள்வி பலமாக எழுந்திருக்கிறது. நமது கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை என்போம். பிழையற்ற, வழவழப்பான இங்கிலீஷ் இப்போது நொடியில் யாருக்கும் கிடைக்கிறது. பஸ் நிலையத்து மாடிப் பயிற்சி நிலையம் இத்தனை நாள் விற்ற சரக்கின் விலை விழுந்துவிட்டது. விலை விழாதது எது? நேற்றுப் பதினொன்று இருபதுக்கு என்ன நடந்தது என்ற செய்தி அந்த யந்திரத்துக்குத் தெரியாது. பார்த்தவன் சொன்னால்தான் தெரியும். தெரியாததைக் கேட்டால் அது சும்மா இருப்பதுமில்லை. பல சமயம் பொய்யையும் அதே வழவழப்போடு எழுதிக் கொடுத்துவிடுகிறது. அது எழுதியதில் எது மெய், எது கற்பனை என்று பிரிக்க அறியாதவன் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், குற்றம் யந்திரத்தைச் சேராது. அதோடு, அந்த யந்திரத்தினிடம் வேலை வாங்குவதற்கே, வேண்டியது இன்னது, வேண்டாதது இன்னது என்று திட்டமாகச் சொல்லத் தெரிய வேண்டியிருக்கிறது. இங்கிலீஷ் வராத காரணத்தால் இதுவரை வாசலில் நின்ற கிராமத்துப் பிள்ளைக்கு இது நல்ல காலம். அவன் தமிழில் தெளிவாக எழுதியதை யந்திரம் இங்கிலீஷில் பெயர்த்துக் கொடுக்கும், அவன் சரிபார்த்துக்கொள்ளட்டும். தமிழிலேயே தெளிவில்லையென்றால் பெயர்ப்பதற்கு என்ன இருக்கிறது?

கலாசாலைகள் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிப்போம். 2022 முதல் அண்ணா சர்வகலாசாலையின் பாடத்திட்டத்தில் "தமிழரும் தொழில்நுட்பமும்" என்னும் பாடம் சேர்ந்திருக்கிறது. நல்லது. பண்டைத் தமிழர் குளம் வெட்டிய திறத்தை மாணாக்கன் அறியட்டும். கூடவே, தான் எழுதிய புரோகிராமைப் பற்றியும் தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். கடைசி வருஷத்தில் "புராஜெக்ட் ரிப்போர்ட்" என்று ஒன்று கொடுக்கிறார்கள். தடித்த அட்டை, பொன்னெழுத்து, நூறு பக்கம். பிறர் எழுதியதைப் பிரதி செய்ததும், காசு கொடுத்து வாங்கியதும் அவற்றில் எத்தனை என்பது கலாசாலை வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரரைக் கேட்டால் தெரியும். அதைப் படிப்பவர் எவருமில்லை. பரீக்ஷகரும் அட்டையைத்தான் புரட்டுகிறார். அந்த நூறு பக்கத்தை ஒழித்துவிட்டு நாலு பக்கம் கேட்கட்டும். புரோகிராம் எதற்கு ஏற்பட்டது, அதை ஒரு புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றி நடத்துவது எப்படி, எந்த இடத்தில் அது தவறக்கூடும் என்பவை அதில் இருக்க வேண்டும். தமிழிலோ இங்கிலீஷிலோ, அவன் இஷ்டம். பரீக்ஷை நாளன்று வேறு பிரிவைச் சேர்ந்த இரண்டாம் வருஷ மாணாக்கன் ஒருவனை அழைத்து, அந்த நாலு பக்கத்தை அவன் கையில் கொடுத்து, அதன்படியே நடத்தச் சொல்லட்டும். எழுதியவன் பக்கத்தில் நிற்கலாம். வாய் திறக்கக் கூடாது. படிப்பவன் எங்கே தடுக்கி நிற்கிறானோ அந்த இடத்தைப் பரீக்ஷகர் குறித்துக்கொண்டு மதிப்பெண் போடட்டும். இதற்குப் பயிற்சிக் கம்பெனிக்கு ஒப்பந்தப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. தன்னாட்சி பெற்ற கலாசாலைகள் அடுத்த பருவத்திலேயே துவக்கலாம். மற்றவை சர்வகலாசாலையின் உத்தரவு வரும் வரையில், தங்கள் கையில் உள்ள உள்மதிப்பீட்டு மதிப்பெண்களிலிருந்து இதற்குப் பத்தை ஒதுக்கலாம்.